ஒன்பதாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு

இரவு பதினொன்று பத்துக்கு வாத்வாவின் அழைப்பு.
"சின்ன மாற்றம்தான் மேடம், ஒரே ஒரு சொல்."
ஓக்லா விஹாரில் மூன்றாம் மாடி.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தும்
ஜனவரிப் புகை உள்ளே வந்து
மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது,
என்னோடு சேர்ந்து வாசிக்க.

முப்பத்தொரு பிரிவுகள்.
வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி
இரண்டு அரசுகள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை.
சொல்லுக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு;
ஆங்கிலத்தை எண்ணுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.
அரபியை எண்ணினால் எனக்கு நஷ்டம்:
வினை, ஆள், பால், எண் எல்லாவற்றையும்
ஒரு சொல்லுக்குள் மடித்துவிடும் மொழி.

காலையில் இப்படி இருந்தது:
வேலை கொடுப்பவர் பாஸ்போர்ட்டைத்
தொழிலாளியிடமே விட்டுவைக்க வேண்டும்.
ஆங்கிலத்தில் ஷல். அப்பீல் இல்லை.
நான் போட்டது யல்தஸிமு.
லாம், ஸாய், மீம் என்று மூன்றெழுத்து வேர்.
ஒட்டிக்கொள்வது, விடாதிருப்பது,
வியர்த்த முதுகில் சட்டையைப் போல.
நிகாத் ஜமீல் சரிபார்த்துப்
பச்சை மையில் ஒரு டிக் போட்டாள்.
அந்தப் பேனாவை அவள் லேசில் திறக்கிறவள் அல்ல.

இப்போது ஷல், ஷுட் ஆகிவிட்டதாம்.
"அரபியில் என்ன வரும்?"
யன்பகீ, என்றேன்.
"ரொம்ப அழுத்தமா?"
இல்லை. செய்தால் நல்லது என்கிற அளவு.
"சரி, அதுதான் வேண்டும்."

வேண்டும்.

இரண்டு மொழிக்கும் நடுவில் நான் தமிழில் யோசிப்பது
எந்தப் பிரிவிலும் சேராது.
இருந்தாலும் சொல்கிறேன்:
எங்களிடம் நீதிபதிக்கும் பிச்சைக்காரருக்கும்
இந்த ஒரே சொல்தான்.
அபராதம் கட்ட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.
கீழே டீ விற்கும் ஷம்ஷாதின் சாஹியேவும் அப்படித்தான்,
சாய் சாஹியே என்றால் ஆசை,
ஜானா சாஹியே என்றால் புத்திமதி.
எந்த இடத்தில் கேட்பது நின்று
எந்த இடத்தில் கட்டளை தொடங்குகிறது என்பது
சொல்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

அரபியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருமை என்று ஒன்று உண்டு.
இரண்டு கண், இரண்டு கை, இரண்டு தரப்பு.
தரஃபான் என்று தட்டும்போதெல்லாம்
கதவு சாத்திய ஓர் அறை, இரண்டே நாற்காலி.
அவள் அந்த எண்ணிக்கையில் இல்லை.
படர்க்கை. பெண்பால்.
முழுக்க அவளைப் பற்றியே பேச்சு,
ஆனால் வினைகள் எல்லாம் மற்றவர்களுடையவை.
பதினான்காம் பிரிவில் மட்டும் அவளை எழுவாயாக்கியிருக்கிறார்கள்:
தொழிலாளி உள்ளூர்ச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும்.
அங்கே ஷல் அப்படியே இருக்கிறது.
அதற்காக யாரும் போன் செய்யவில்லை.

பழைய சொல்லையே விட்டுவிட்டால்?
வாத்வாவுக்கு அலிஃபும் தெரியாது.
பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கடைசிப் பிரிவு ஞாபகம் வந்தது:
இரு பிரதிகளும் சம மதிப்புடையவை,
முரண்பாடு எழுந்தால் ஆங்கிலமே மேலோங்கும்.
என் பிரதியைத் தோற்கடிக்கும் அந்த வாக்கியத்தை
நேற்று மத்தியானம் நானேதான் மொழிபெயர்த்தேன்.
கர்வப்படும்படி வந்திருந்தது.

யன்பகீ.
தட்டிவிட்டேன்.

ஆனால் திருத்தத் தடங்களை மறைக்கவில்லை.
அந்தத் தலைநகரத்தில் கோப்பைத் திறக்கப்போகும்
முகம் தெரியாத ஒரு குமாஸ்தா
முதலில் பார்க்கப்போவது
சிவப்புக் கோடு குறுக்கே ஓடும் யல்தஸிமுவை.
அழித்தது தெரியும். என்ன அழித்தோம் என்பதும் தெரியும்.
'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை
அவர் அழுத்தட்டும்.

பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பினேன்,
பில்லோடு:
கூடுதல் சொல் ஒன்று,
ரூபாய் இரண்டு, காசு நாற்பது.